ஒரிஜினல் யூதர் யாருங்க ஐயா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மேடைப் பேச்சாளர் ஐயா யூதர்களைப் பற்றிப் பேசியதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு அந்த வீடியோவை எனக்கே அனுப்பிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். "பம்பாய்ல இருக்கறவங்கல்லாம் ஒரிஜினல் யூதர் இல்லீங்க, சும்மா சொல்லிக்கறாங்க" என்று ஐயா சொன்னாரே, அரங்கமே சிரித்ததே, அதேதான். அதற்கு முந்தின நிமிடம் வரை "யூதர்களோட ஒற்றுமையப் பாருங்க, நம்மள மாதிரி நூறு பிரிவா?" என்று புல்லரித்துக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

ஒற்றுமையாம். இஸ்ரேலில் தலைமை ரப்பிகளே, அதாவது தலைமை மதகுருக்களே, இரண்டு பேர். அஷ்கநாசிகளுக்கு (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்) ஒருவர், செபார்டிகளுக்கு (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி யூதர்) ஒருவர். 1921இல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த ஏற்பாடு, இன்னும் ஓடுகிறது. எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகையில் அரிசி சாப்பிடலாமா என்பதிலேயே அவர்களுக்குள் ஒத்துப்போகாது. ஆசாரமான அஷ்கநாசி வீட்டில் அந்த வாரம் அரிசியும் பருப்பும் அடுப்பேறாது. செபார்டி வீடுகள் பலவற்றில் சோறு கொதிக்கும். அமெரிக்காவில் நடுவழிப் பிரிவான கன்சர்வேட்டிவ் ரப்பிகள் "சரி, சாப்பிடலாம்" என்று சொல்லவே 2015 ஆனது. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது பழைய சட்டம். தந்தை யூதராக இருந்து பிள்ளை யூதராக வளர்ந்தாலும் போதும் என்று அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவான ரிஃபார்ம் ரப்பிகள் 1983இல் சொன்னார்கள். பழைய சட்டத்தை விடாத ஆர்த்தடாக்ஸ் ஆட்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. இதில் ஒரிஜினல் எதுங்க?

யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தால்முத்திலேயே ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு குருக்களின் கூட்டத்துக்கும் ஓயாத வாதம். இரண்டுமே உயிருள்ள கடவுளின் வார்த்தைதான், ஆனால் சட்டம் ஹில்லேல் சொன்னபடி என்று தீர்ப்பு வருகிறது. காரணம் என்ன தெரியுமா? ஹில்லேல் ஆட்கள் எதிர்க்கட்சியின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்களாம். மேடைப் பேச்சாளர்கள் கவனிக்கவும்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். பம்பாயில் வேலை பார்த்தபோது எனக்குச் சோறு போட்ட வீடு ஒரு பெனே இஸ்ரேல் வீடு, அதாவது மராத்தி பேசும் இந்திய யூதர் வீடு. தோழியின் தம்பிக்கு வேலை கிடைத்ததற்கு மலீதா என்ற நன்றிப் படையல் வைத்தார்கள். நனைத்த அவலில் தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலக்காய் பிசிறி, தாம்பாளத்தில் குவித்து, சுற்றிலும் பழங்கள். எலியாஹு தீர்க்கதரிசி பேரில் எபிரேயத்தில் பாட்டு. நடுவில் ஒரு வரியைத் தம்பி விழுங்கிவிட, அவள் அம்மா மராத்தியில் போட்ட அதட்டல் இருக்கிறதே! கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிய சமூகம் அது. சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சனிவார் தேலி'. சும்மா சொல்லிக்கொள்வதற்காகவா தலைமுறை தலைமுறையாக வாரத்தில் ஒருநாள் கூலியை விட்டார்கள்?

ஐயா கேட்ட கேள்வி புதுசும் இல்லை. இஸ்ரேலுக்குப் போன பெனே இஸ்ரேல் மக்களிடம் தலைமை ரப்பி அலுவலகமே கேட்டது. மற்ற யூதரைக் கல்யாணம் செய்ய வந்தால் இவர்களின் வம்சத்தை முடிந்தவரை பின்னோக்கித் துருவுங்கள் என்று 1962இல் உத்தரவு போட்டது. ஜனங்கள் ஜெருசலேமில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 1964இல் இவர்கள் எல்லா விதத்திலும் யூதர்களே என்று இஸ்ரேல் பாராளுமன்றமான க்னெசெட் சொல்ல வேண்டிவந்தது. உத்தரவிலிருந்து அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது. கொச்சியில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வாரிசுகளை உள்ளே சமமாக உட்கார விடவில்லை. அந்த வாரிசுகளில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சலேம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ஒற்றுமையைப் புகழ்கிறவர்கள் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் கதை கெட்டுப்போகும்.

"அவங்க மதம், அவங்க விதி, உனக்கென்ன?" என்று ஒருவர் வருவார். நான் விதியே போடவில்லை சார். சான்றிதழ் கொடுத்தது உங்கள் ஐயா. "காசாவில் இவ்வளவு நடக்கும்போது யூதருக்கு வக்காலத்தா?" என்று இன்னொருவர். இஸ்ரேல் அரசைப் பற்றி நான் எழுதியதெல்லாம் இதே பக்கத்தில் கிடக்கிறது, தோண்டிப் பாருங்கள். பம்பாயில் அவல் பிசைகிற அம்மாவை அதற்குப் பதில் சொல்லச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சரி, ரப்பிகள் கையில் அதிகாரம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அதன் லட்சணத்தையும் பாருங்கள். இஸ்ரேலில் சிவில் திருமணம் கிடையாது. ரப்பி அலுவலகம் ஒத்துக்கொள்ளாத ஜோடிகள் சைப்ரஸுக்கு விமானம் ஏறிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு வருகிறார்கள். ஜெருசலேமில் யூதர்களின் புனித இடமான மேற்குச் சுவரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வழிபட முறையான இடம் தருவதாக 2016இல் அமைச்சரவை ஒத்துக்கொண்டது. அடுத்த வருஷமே கிடப்பில் போட்டது. அங்கேயே இந்த அதிகாரத்தை எதிர்த்து யூதர்களே கோர்ட்டுக்கும் தெருவுக்கும் அலைகிறார்கள். இங்கே நாம் கைதட்டுகிறோம்.

தோழிக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. தமிழ் தெரியாது, 'ஒரிஜினல்' மட்டும் புரிந்திருக்கிறது. சிரிப்பு பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு என்ன பேசினார் என்று கேட்டிருக்கிறாள். ஐயாவின் ரசிகர்கள் யாராவது அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். என்னால் முடியாது.