திருத்த அனுமதி உள்ள பாடம்

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு நீளமான பட்டியல் வந்து விழும். ‘இலவசக் கல்வி வளங்கள், எல்லோரும் பயன்படுத்துங்கள்.’ நாமும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு மறந்துவிடுவோம். அந்தப் பட்டியலில் பாதி, இலவசமாகப் பார்க்க மட்டும்தான். கை வைக்க முடியாது. வகுப்பறைக்கு அது பாதி உதவிதான் என்பது என் கருத்து.

யூடியூபில் வழக்கமான உரிமத்தில் இருக்கும் ஒரு பாடக் காணொளியை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம். அதை வெட்டி, நம் குரலைச் சேர்த்து, இன்னொரு பள்ளிக்குக் கொடுக்க அனுமதி கிடையாது. 2002இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில்தான் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரே பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்தன. எடுத்து வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், வேறொன்றோடு கலக்கலாம், பகிரலாம் என்பதுதான் திறந்த வளங்களின் உயிர்நாடி. ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலேயே ‘மாற்றக் கூடாது’ என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் இருக்கும் பாடத்தை நம் மொழியில் பெயர்த்துப் பகிர்வதுகூட மீறல்தான். கீழே பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்காமல் எதையும் இறக்கி வைக்காதீர்கள்.

மாற்றுவது ஏன் இவ்வளவு முக்கியம்? பனிப்பொழிவை வைத்து வெப்பத்தை விளக்கும் பாடம், பனியையே பார்க்காத பிள்ளைக்கு இரண்டு பாடமாகிவிடுகிறது. முதலில் பனி, அப்புறம் வெப்பம். அந்த உதாரணத்தை மாற்ற வேண்டியது அந்த வகுப்பின் ஆசிரியர்தான், வேறு யாராலும் முடியாது.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ சிமுலேஷன்களை, அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை, பலரும் அறிந்திருப்பீர்கள். அதில் மின்சுற்று கட்டும் ஒன்று இருக்கிறது. பேட்டரியையும் பல்பையும் வயரால் இணைத்தால் எலக்ட்ரான்கள் சின்னப் புள்ளிகளாக ஊர்ந்து போவது தெரியும். பல்பு எரிந்தால் அதில் மின்னோட்டம் கொஞ்சம் ‘செலவாகி’, மிச்சம்தான் திரும்பி வரும் என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள். ஏன், பெரியவர்களே நம்புகிறார்கள். திரையைப் பார்த்தால் பல்புக்கு முன்னால் போகும் வேகமும் பின்னால் போகும் வேகமும் ஒன்றுதான். அப்படியானால் பல்பு எதைத்தான் எடுத்துக்கொள்கிறது? இந்தக் கேள்வி பிள்ளைகளின் வாயிலிருந்தே வந்துவிட்டால் ஆற்றலைப் பற்றிய பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

ஆனால் சுற்றை மூடுவதற்கு முன்னால், ‘என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க, நோட்டில் எழுதுங்க’ என்று சொல்ல வேண்டும். எழுதாமல் பார்த்தால் அது வெறும் வேடிக்கை. (திரையில் பேட்டரியின் இரு முனைகளையும் வயரால் நேராக இணைத்துத் தீப்பிடிக்க வைப்பதைத்தான் எல்லோரும் முதலில் செய்வார்கள். விடுங்கள், அதுவும் பாடம்தான்.) விலை உயர்ந்த ஸ்மார்ட் போர்டில் பிடிஎஃப்பைத் திறந்து வரிவரியாக வாசிப்பதைவிட, ஒரு பழைய மடிக்கணினியும் இந்தக் கேள்வியும் எவ்வளவோ மேல்.

இணையம் இல்லையே என்பார்கள். விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்து வாசிக்க கிவிக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. பாடங்களை இணையமில்லாமல் வகுப்புக்குள்ளேயே பரிமாற கொலிப்ரி என்ற மென்பொருள் இருக்கிறது. ஃபெட் சிமுலேஷன்களையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான தட்டுப்பாடு நேரம்தான். ஐம்பது வளங்களைப் புரட்டி, அதில் தப்பில்லாத ஒன்றைப் பிடித்து, பாடத்திட்டத்தோடு பொருத்தி, மொழியை எளிதாக்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. கருவிக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள் இந்த உழைப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அடுப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு சமைக்க நேரம் தராதது போல. வாரத்தில் ஒரு பீரியடை இதற்கென்று ஒதுக்கினால், அந்த ஸ்மார்ட் போர்டு வாங்கியதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி உழைத்து மாற்றிய பாடத்தைப் பலரும் தங்கள் பென்டிரைவிலேயே வைத்திருக்கிறார்கள். வெளியே விடுங்கள். மூலம் யாருடையது, நீங்கள் எதை மாற்றினீர்கள், என்ன உரிமம் என்று அடியில் இரண்டு வரி போதும். ‘அதே உரிமத்தில் பகிர வேண்டும்’ என்ற நிபந்தனை இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பிடிஎஃப்பை மட்டும் போடாதீர்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். பிடிஎஃப்பிலிருந்து அட்டவணையைப் பிரித்தெடுக்க ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு நான் ஏன் கெஞ்சுகிறேன் என்று புரியும்.