குச்சிப்புழு மனிதரைக் கடிக்குமா? பரவும் காணொளியின் உண்மை

“குச்சிபோல் நிற்கும் இந்தப் புழு சதை தின்னும், கடித்தால் நஞ்சு ஏறும். செடியில் வளைந்து நடக்கும் புழு எதைக் கண்டாலும் கொல்லுங்கள்” என்ற வரிகளுடன் ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதில் புழு ஈயைப் பிடிப்பது மட்டுமே உண்மை.

அது யூபிதீசியா என்ற அந்துப்பூச்சிப் பேரினத்தின் ஹவாய் இனம். அங்குள்ள இனங்களின் புழுக்கள் இரைக்காகப் பதுங்கியிருப்பதை 1972இல் கண்டறிந்தவர் பூச்சியியலாளர் ஸ்டீவன் மாண்ட்கோமரி. 1983இல் ‘ஜியோஜர்னல்’ ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில் இதைச் சரிபார்க்கலாம். பின்னுடலால் இலை விளிம்பைப் பற்றி அசையாமல் நிற்கும் புழு, முதுகின் பின்பகுதியைச் சிறு பூச்சி தீண்டியதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் வளைந்து முன்கால்களால் கவ்விவிடும். எத்தனை அழகான தகவமைப்பு! அதன் நீளமோ ஏறக்குறைய 2.5 செ.மீ.தான். அதற்கு நஞ்சு கிடையாது. மனிதர் அதற்கு இரையும் அல்லர்.

இப்பேரினத்தில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஹவாய்க்கு வெளியே பெரும்பாலானவற்றின் புழுக்கள் பூ, விதை, இலை தின்பவை. வளர்ந்த பூச்சி சிறியது. குறுகிய முன்சிறகுகளைப் பக்கவாட்டில் விரித்துத் தட்டையாக ஒட்டி அமரும். பல இனங்களில் முன்சிறகின் நடுவே கரும்புள்ளி தெரியும்.

வளைந்து நடப்பது காவடிப்புழுக்கள் பலவற்றுக்கும் பொதுவான நடை. அதை வைத்து ஊனுண்ணி என்று முடிவுகட்ட முடியாது. தோட்டத்துப் புழுக்களை இந்த அச்சத்தால் கொல்லாதீர்கள். அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல், அனுப்பியவரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.