வீடு சந்திப்புன்னு சொல்லி உசுரை எடுக்காதீங்க

மொதல்லயே சொல்லிடுறேன், எங்க ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா இது யாரைப் பத்தி எழுதுனதுன்னு துப்பறியுற வேலையில எறங்காதீங்க, எல்லாரையும் பத்திதான் எழுதிருக்கேன். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து இன்னும் வயிறும் சரியாகல, மனசும் சரியாகல.

ஊரு பேரு வேணாம். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம்னு தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் சிஎஸ்ஐ சபை கிறிஸ்தவ ஊரு வரிசையா இருக்குல்ல, அதுல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. நடுவுல கோயிலு (சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்வோம்), கோயிலைச் சுத்தி தெரு, தெரு முடிஞ்சா பனை, அதுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம், அவ்ளோதான் ஊரு. பனையேறுறதை விட்ட தலைமுறையோட மெட்ராஸ், பம்பாய்னு எல்லாரும் கெளம்பிட்டதால வருஷம் பூரா பாதி வீடு பூட்டிதான் கெடக்கும். டிசம்பர் கடைசியில எல்லாப் பூட்டும் ஒரே வாரத்துல தொறக்கும், அப்போ ஆரம்பிக்கும் பாருங்க இந்தப் போய்ப் பாக்குறது வந்து பாக்குறதுங்குற கூத்து. வருஷம் முழுக்கப் பாக்க வேண்டிய எல்லா மூஞ்சியையும் ஒரே வாரத்துல பாத்து முடிக்கணும், ஒண்ணு விட்டுப்போனாலும் அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் பேச்சு.

இதுக்குச் சட்டம் வேற இருக்கு. வெளியூர்ல இருந்து வந்தவங்கதான் மொதல்ல போய்ப் பாக்கணும். பக்கத்து வீட்டைத் தாண்டி எதுத்த வீட்டுக்குப் போகக்கூடாது. மாமா வீட்டுக்கு முன்னாடி பெரியப்பா வீட்டுக்குப் போகணும் ஆனா அது மாமாவுக்குத் தெரியக்கூடாது. துக்க வீட்டுக்கு எல்லாத்துக்கும் முன்னாடி போகணும், ஆனா அங்கருந்து நேரா கல்யாணம் நிச்சயமான வீட்டுக்குள்ள நுழைஞ்சிறக் கூடாது (நாள் நட்சத்திரம் சகுனம் எதுவும் பாக்க மாட்டோம்னு வாய் கிழியப் பேசுறதும் இதே ஆளுங்கதான்). இதெல்லாம் எவன் எழுதி வச்சான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, மீறிப் பாருங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்.

ஊருக்கு வந்த மறுநாள் காலைல இன்னும் பல்லு கூட வெளக்கல, புறவாசல் வழியா ஒரு பெரியம்மை வந்து நிக்காங்க. "ஏட்டி, நேத்தே வந்துட்டியாமே, பெரியம்மை வீடு கண்ணுக்குத் தெரியலையோ?" நான் வந்ததே ராத்திரி பதினோரு மணிக்கு பெரியம்மை, பதினோரு மணிக்கு உங்க கதவைத் தட்டி ஸ்தோத்திரம் சொல்லிருக்கணுமா? சொன்னா சிரிக்கிறாங்க, சிரிச்சுட்டு "இல்ல, மேல வீட்டுல மட்டும் பேச்சுச் சத்தம் கேட்டுச்சு"ங்கிறாங்க. மேல வீட்டு அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து விட்டாரு, அது சந்திப்புல சேந்துருச்சு.

யாருக்கும் தெரியாம போய்ட்டு வரலாம்னா அதுக்கும் வழியில்ல. இந்த ஊருகளோட அமைப்பு அப்படி. மிஷனரி கால்டுவெல் 1841-ல இடையன்குடிக்கு வந்து தெருவையெல்லாம் நேர்கோடாப் போட்டு வீடுகளை ஒழுங்கா வரிசையா அமைச்சாருன்னு பெருமையா சொல்வோம்ல, எங்க ஊரும் கிட்டத்தட்ட அதே அச்சுதான். நல்ல காரியம்தான், காத்து வரும் வெளிச்சம் வரும், கூடவே கோயில் வாசல்ல நின்னு பாத்தா கடைசி வீட்டு நடையில யார் செருப்பு கெடக்குன்னும் தெரியும். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடிம்பாங்க. எங்க ஊர்ப் பெரியம்மைகளுக்கு அவ்ளோ உசரமெல்லாம் தேவையே இல்ல, தார்சாவுல, அதான் முன்வராண்டாவுல, ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டா போதும், நாலு தெருவையும் கவர் பண்ணிருவாங்க.

சரி போறோம். போனா என்ன நடக்கும்? சேலைத் தலைப்பால சேரைத் துடைச்சுப் போடுவாங்க, உக்காந்ததும் தட்டு வரும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, மஸ்கோத் அல்வா, கூட ஒரு டம்ளர் நெறைய கலர் சோடா. எனக்கு முந்திரிக்கொத்து உசுரு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா காலைல இருந்து வீடு வீடா அதே தட்டு வந்தா மனுஷன் என்னதான் பண்ணுவான். வேணாம்னா "ஏன், நம்ம வீட்டுதுன்னா எறங்காதோ?" அரைத் துண்டு எடுத்தா "மாமா வீட்டுல முழுசா தின்னியாமே." நான் மாமா வீட்டை விட்டு வந்து பத்து நிமிஷம்தான் ஆகுது, அதுக்குள்ள நான் தின்ன கணக்கு எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு! எங்க வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கம், பாவம் சுகர் வேற, "சுகர் இருக்கு"ன்னு சொன்னதுக்கு "இது கருப்பட்டிதான், ஒண்ணும் செய்யாது"ன்னு ஊட்டி விடாத குறை. அடுத்த வீட்டுல இருந்து அவரு போன் பேசுற மாதிரியே காருக்குள்ள உக்காந்துட்டாரு. அதுக்கும் "மாப்ளைக்கு நம்ம ஊரு புடிக்கல போல"ன்னு ஒரு சேதி கெளம்பி நாங்க சென்னை வந்து சேர்றதுக்குள்ள நாத்தனார் வரைக்கும் போயிருச்சு.

தின்னுறதைக் கூடச் சகிச்சுக்கலாம். கெளம்பலாம்னு முட்டியில கை ஊனும்போது ஒண்ணு வரும் பாருங்க, "இரு, சின்னதா ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போ." ஜெபம் வேணாம்னு எங்க ஊர்ல எவளாலயும் சொல்ல முடியாது. கண்ணை மூடணும். வானத்தையும் பூமியையும் படைச்சதுல ஆரம்பிக்கும், நாடு, ஆளுறவங்க, மிஷனரிங்க, ஆஸ்பத்திரியில கெடக்குறவங்க எல்லாரையும் தாண்டி கடைசியில நம்மகிட்ட வரும். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிஞ்சு ஆறு வருஷமாகியும் கர்ப்பத்தின் கனியைக் காணாம தவிக்காளே, அன்னாளோட கண்ணீரைக் கண்டவரே, போன ட்ரீட்மென்டும் தோத்துப்போச்சே அப்பா, மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிறாதபடிக்கு நீர்தாமே காத்துக்கொள்ளும்."

பட்டாசல் (வீட்டு ஹால்) நெறைய ஆளு. அதுல பாதிப் பேரு யாருன்னே எனக்குத் தெரியாது, பம்பாய்ல இருந்து வந்த அவங்க சம்பந்தி வீட்டாளுங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஆமென் ஆமென்ங்கிறாங்க. ட்ரீட்மென்ட் விஷயம் நான் அம்மாகிட்ட மட்டும் சொன்னது, அம்மா யார்கிட்டயோ அழுதிருக்காங்க, அது அப்படியே ஜெபக் குறிப்பா மாறி ஊரைச் சுத்திட்டு இருக்கு, டாக்டர் பேரு ஒண்ணுதான் ஜெபத்துல வரல. மாமியார் மனசு மாறிடும்னு இவங்களுக்கு யார் சொன்னது? எங்க மாமியார் இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல தெரியுமா? நேருக்கு நேரா கேட்டிருந்தா "அது எங்க விஷயம் சித்தி, விடுங்க"ன்னு சொல்லிருப்பேன். ஆண்டவர்கிட்ட பேசிட்டு இருக்கவங்களை எப்படி நடுவுல நிறுத்துறது? ஆமென் சொன்னா மொத்தத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி, சொல்லலைன்னா மெட்ராஸ் திமிரு. கண்ணைத் தொறந்து பாத்தா நிமிஷத்துக்கு ஒருக்கா என்னை ஓரக்கண்ணால பாத்துட்டே ஜெபிக்கிறாங்க, நான் அழுறேனான்னு! அழலைங்கிறதுல அவங்களுக்குக் கொஞ்சம் ஏமாத்தம்தான்.

கேரல் ரவுண்ட்ஸ் பத்தி ரொம்பப் பேச விரும்பல. ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரம்ஸை அடிச்சுக்கிட்டு வருவாங்க, தாத்தா வேஷம் போட்ட பையன் ஆடுவான், கட்டங்காப்பி போட்டு காணிக்கை கவர் கொடுக்கணும், அது ஒரு ஜாலி, விட்டுருவோம். ஆனா ஒரு வருஷம் மழை வந்து எங்க தெருவுல கடைசி மூணு வீட்டை விட்டுட்டாங்கன்னு பஞ்சாயத்து ஈஸ்டர் வரைக்கும் போச்சு.

இதுல எலெக்‌ஷன் வேற. வெளி எலெக்‌ஷன் இல்ல, கோயில் எலெக்‌ஷன். ரெண்டு அணி. எந்த அணிக்காரங்க வீட்டுக்கு யாரு போறா, யாரு வாசல்ல நின்னு பேசிட்டு உள்ள போகாம வந்தா, யாரு உள்ள போய் காப்பி குடிச்சா, எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு. எனக்கு அங்க ஓட்டே இல்லங்க! என் கூடப் படிச்சவ வீட்டுக்குப் போய் அவ பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன், சாயங்காலம் எங்க சித்தப்பா வந்து அப்பாகிட்ட "என்ன அண்ணாச்சி, பிள்ளை அந்தப் பக்கம் போயிட்டா போல"ன்னு கேக்காரு. அவளும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க, அவங்க அப்பா எந்த அணின்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

எப்படி ஆரம்பிச்ச ஊருங்க இதெல்லாம்னு யோசிச்சாதான் இன்னும் ஆத்திரமா வருது. 1799-ல முதலூர் உருவானதே, வேதத்துக்கு வந்தவங்களை, அதாவது கிறிஸ்தவங்களா மாறுனவங்களைச் சொந்த ஊர்ல இருக்க விடாம துன்பப்படுத்துனதால தனியா நெலம் வாங்கி ஒண்ணாக் குடியேறுனதுலதான். பின்னாடி வந்த பல ஊருக்கும் இதே கதைதான். அன்னைக்கு ஒரு வீட்டுல வெளக்கு எரியலைன்னா பக்கத்து வீட்டுக்காரன் ஓடிப்போய்ப் பாத்தான்னா அதுக்குக் காரணம் இருந்துச்சு, அவனை விட்டா இவனுக்கு நாதியில்ல. பொம்பளைங்க ஒவ்வொரு வேளையும் உலையில போடுற அரிசியில கைப்பிடி எடுத்து வச்சு கோயிலுக்குக் கொடுத்தாங்க, இல்லாதவங்க வீட்டுக்கும் சோறு போச்சு. இன்னைக்கு அதே எட்டிப் பாக்குறது மொய் நோட்டு மாதிரி ஆகிப்போச்சு, நீ வந்தியா நான் வர்றேன், நீ வரலையா நானும் வரல, பாக்கி நிக்குது, வட்டியோட வசூல் பண்ணுவோம்.

நீதிமொழிகள் 25-ம் அதிகாரம் 17-ம் வசனத்தை எடுத்துப் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரன் சலிச்சுப்போய் உன்னை வெறுத்துறாம இருக்கணும்னா அவன் வீட்டுல அடிக்கடி கால் வைக்காதன்னு அப்பட்டமா போட்டிருக்கு. சின்ன வயசுல இருந்து எவ்ளோ மனப்பாட வசனப் போட்டி நடத்திருக்கீங்க, இந்த ஒரு வசனத்தை மட்டும் எந்தப் போட்டியிலயும் நான் பாத்ததில்ல.

நோட்டுன்னதும் ஞாபகம் வருது. எங்க அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துல செக்ரட்டரி. வீடு சந்திப்புக்குன்னு கோடு போட்ட நோட்டு ஒண்ணு வச்சிருக்காங்க, இந்தப் பக்கம் வீட்டுப் பேரு, மேல மாசம், போன வீட்டுக்கு ஒரு டிக். சும்மா பொரட்டிட்டு இருந்தேன். வசதியான வீட்டுக்கெல்லாம் மாசம் தவறாம டிக். தெரு கடைசியில ஒரு ஆச்சி இருக்காங்க, எனக்கு ஓய்வுநாள் பள்ளியில பாட்டு சொல்லிக் கொடுத்தவங்க, இடுப்பெலும்பு முறிஞ்சு கட்டில்லயே கெடக்காங்க. அவங்க பேருக்கு நேரா ஒரு டிக் கூட இல்ல, வருஷம் பூரா வெறும் கட்டம். ஏன்மான்னு கேட்டா அம்மா சொல்றாங்க, "அவிய மவன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போயி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டாம்லா, அவிய சபையில இருந்து வந்து பாப்பாவ."

மவன் எடுத்தான் சரி. ஆச்சி எடுக்கலையே! அப்படியே எடுத்திருந்தாதான் என்ன? வியாதியா இருந்தேன் விசாரிக்க வந்தீங்கன்னு மத்தேயுல சொன்னவரு எந்தச் சபையில மெம்பர்னு கேட்டுட்டா போகச் சொன்னாரு? இதை நான் கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன், அம்மா உடனே "மெதுவாப் பேசு, ஜன்னல் தொறந்திருக்கு"ங்கிறாங்க.

அன்னைக்கே போனேன். கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலு, அது மேல ஃபிளாஸ்க், மாத்திரை டப்பா, பெரிய எழுத்து பைபிள், அதுக்குள்ள போன வருஷத்து வாக்குத்தத்த அட்டை சொருகி வச்சிருக்கு. மருமவ பீடி சுத்திக்கிட்டே ஒரு காப்பி போட்டுக் கொடுத்தா, சீனி கம்மியா. ஆச்சி என்கிட்ட பிள்ளையைப் பத்திக் கேக்கல, சம்பளம் கேக்கல, சொந்த வீடு வாங்கிட்டியான்னு கேக்கல. பஸ்ல படுக்குற சீட்டு போட்டியா, கொலுக்கு கொலுக்குன்னு ஆட்டுமாமேன்னு கேட்டாங்க, அப்புறம் கோயில்ல இப்போ கொயர்ல யாரு பாடுறா, ஆர்கன் யாரு வாசிக்கான்னு விசாரிச்சாங்க, இந்த வருஷம் சுருதி சரியில்ல, படுத்த இடத்துல இருந்தே காதுல விழுதுன்னு ஒரு குறை வேற. நேரம் போனதே தெரியல. ஜெபம் பண்ணட்டுமான்னு நான்தான் கேட்டேன், "பண்ணு, சுருக்கா பண்ணு, எனக்கு ஒண்ணுக்கு வருது"ன்னாங்க.

வீட்டுக்கு வந்தா வாசல்லயே சித்தி நிக்காங்க. "அங்க எதுக்குப் போன?"

மே மாசம் அசனம் (கோயில் பொது விருந்து) வருது, லீவு போட்டாச்சு, வருவேன். வந்து எறங்குனதும் மொத வீடு ஆச்சி வீடுதான், நோட்டுல அந்தக் கட்டத்துல டிக் நானே போட்டுக்குறேன். அதுக்கப்புறம் நேரமும் வயித்துல எடமும் இருந்தா மத்த வீடு. பெரியம்மை, சித்தி, மாமா எல்லாரும் மொகத்தைத் தூக்கி வச்சுக்கணும்னா தாராளமா வச்சுக்கோங்க, உங்களுக்கு முறுக்கு மிச்சம்.