பேரீச்சம்பழத்துக்குப் போடும் இரும்பு இல்லை அது

சிகாகோ டேலி பிளாசாவில் நிற்கும் பிக்காசோவின் எஃகுச் சிற்பத்தை முகநூலில் படமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இரண்டு நாளாக அடக்கிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. "பேரீச்சம்பழத்துக்குப் போட்டால் சிகாகோ முழுக்கப் பந்தி வைக்கலாம்" என்று ஒருவர் எழுத, நம் ஆட்களே வரிசையாக வந்து சிரித்திருக்கிறீர்கள்.

பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆனால் நேரில் போய் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுச் சொல்லுங்கள். முன்னால் நின்றால் பெண் முகம், நாலடி நகர்ந்தால் பறவை, இன்னும் நகர்ந்தால் நாய். பிக்காசோ அதற்குப் பெயரே வைக்கவில்லை. 1967 ஆகஸ்ட் 15 அன்று நீலத் துணியை விலக்கியபோது பார்த்தவர்களும் திகைத்தார்கள். இதை எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வையுங்கள் என்று நகரமன்ற உறுப்பினர் ஒருவரே கேட்டார்.

"மக்கள் பணம்" என்கிறீர்கள். கொடுக்க வந்த 1,00,000 டாலரை பிக்காசோ வாங்கவில்லை. இந்த ஊர் மக்களுக்குப் பரிசு என்று சொல்லிவிட்டார். செய்த செலவிலும் பெரும்பங்கு அறக்கட்டளைகள் தந்தது. பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் சிரித்தவர்கள் யாரும் அதற்காகச் சிரிக்கவில்லை.

"துருப்பிடித்துக் கிடக்கிறது" என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவர். இங்கே வந்திருந்தபோது அழைத்துப் போனேன். என்ன உருவம் என்று அவர் கேட்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தகடும் தகடும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். பக்கத்தில் அடிப்பாகச் சரிவில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். "துரு தானா பிடிச்சதா, பிடிக்க விட்டதா?" என்றார். கார்டென் எஃகு, மேலே படியும் துருவே உள்ளே அரிக்காமல் காக்கும், பின்னால் நிற்கும் கட்டடமும் அதே எஃகுதான் என்றேன். "அப்போ துருதான் இதுக்கு பெயிண்ட்" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை சுற்றி வந்தார்.

50 அடி உயரம், 162 டன். பக்கத்து ஊரான கேரியில் எஃகுத் தொழிலாளர்கள் செய்தது. அங்கேயே முழுதாகப் பூட்டிப் பார்த்து, பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். பிக்காசோ கொடுத்தது சின்ன மாதிரி வடிவம் ஒன்று. இவ்வளவு பெரிதாக நிற்க வைத்தது அப்பா மாதிரி ஆட்களின் கை. அப்பா பார்த்தது அதைத்தான்.

இதையெல்லாம் அங்கேயே பதிலாக எழுதினேன். "வெல்டருக்கு பிக்காசோவைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். அதற்கும் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்கள் மூன்று பேர். அப்பா கையால் தோசை வாங்கிச் சாப்பிட்டவர்கள்.

பிக்காசோவை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்பாவும் முகநூல் பார்க்கிறார்.