கூலிக் கணக்கு எழுதுபவனின் 2024 படங்கள்

டிசம்பர் வந்துவிட்டது. முகநூலைத் திறந்தால் எல்லோரும் ஆளுக்குப் பத்துப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் பத்து தேறாது. தேறியவற்றையும் ஒரு கெட்ட பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் பொறுக்கியிருக்கிறேன். திருகோணமலையில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கூலிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். திரையில் ஒருவன் தலை தெரிந்தவுடன் இவனுக்கு நாள் சம்பளம் என்ன, யார் கையால் வாங்குகிறான், வீட்டில் எத்தனை வாய் என்று மனம் தானாகக் கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிடும். விடை கிடைக்காத படத்தில் என்னால் உட்கார முடியாது. காலையில் ஓர் ஊரில் அடிதடி, மாலையில் வெளிநாட்டில் பாட்டு என்று திரிகிற கதாநாயகனுக்கு விடுமுறை கொடுத்த முதலாளி யார்? 'கங்குவா'வில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட முடியாதபடி இரைச்சலில் காது அடைத்துவிட்டது. அது வேறு கதை.

என் அளவுகோலில் முதலில் நிற்பது மாரி செல்வராஜின் 'வாழை'. அவருடைய சொந்தச் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். வாழைத்தார் சுமக்கும் ஊர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பிள்ளைகளும் சுமக்க வேண்டும். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டுச் சனங்கள் வேலையை நிறுத்துகிறார்கள். வெட்டிய தார் அழுகிப்போகும் என்பதால் வியாபாரி வேறு வழியின்றிச் சம்மதிக்கிறார். சம்மதித்த அந்த ஒரு ரூபாயை எங்கே மீட்பது? தார் ஏற்றிய லொறியிலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்பிவிட்டால் வண்டிச் செலவு மிச்சம். பிறகு நடப்பதைப் பார்த்துத் தியேட்டரில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வருவதற்கு முன்பே வயிற்றைப் பிசைந்தது. ஒரு கையால் கூட்டிக் கொடுத்ததை மறு கையால் போக்குவரத்திலோ சாப்பாட்டிலோ கழித்துக்கொள்ளும் வித்தை கணக்குப் புத்தகத்தோடு பழகிய எவனுக்கும் தெரியும். அந்தச் சாவுகளை விதி என்றோ சாரதியின் தவறு என்றோ ஒதுக்கிவிடாமல், ஒரு ரூபாய்க் கணக்கின் கடைசி வரியாக எழுதிக் காட்டியதற்காகவே இயக்குநரைக் கும்பிடுகிறேன். பள்ளி ஆசிரியைக்கும் கதையின் நாயகனான பையனுக்கும் இடையிலான காட்சிகள் சற்று நீண்டுவிட்டன என்று என் மனைவி சொன்னார். எனக்கு அவையும் வேண்டும். ரஜினியா கமலா என்று இரண்டு சிறுவர்கள் சண்டை பிடிப்பதைச் சிரித்துக்கொண்டே பார்த்தவனுக்குத்தான் பின்னால் வருவதன் கனம் தெரியும்.

அதே ஆகஸ்ட் 23ஆம் திகதி வெளியானது 'கொட்டுக்காளி'. இரண்டையும் ஒரே நாளில் இறக்கிய புண்ணியவான்கள் யாரோ. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ரொட்டர்டாம் விழாவில் புலி விருது வாங்கியது. இது பெர்லினுக்குப் போய்வந்தது. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இரைகிறது, கால் கட்டிய சேவல் சிறகடிக்கிறது, அவ்வளவுதான். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. ஒருத்தியின் மனத்தைத் திருப்புவதற்கு ஒரு வீடே ஒரு நாள் கூலியை இழந்து வண்டி ஏறுகிறது. தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரத்த குரலில் எரிந்து விழும் சூரியை விட, ஏறக்குறைய வாயே திறக்காத, அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென்தான் படம் முழுவதையும் ஆள்கிறார். வழியை மறித்து நிற்கும் காளைக்கு முன்னால் ஆண்கள் அத்தனை பேரும் திணறி நிற்க, ஒரு சின்னப் பெண்பிள்ளை வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாளே, அந்த இடத்தில் நான் வாய்விட்டே சிரித்தேன். முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சூரியாக வரும் அந்த மனிதன் என்ன முடிவெடுத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்?

'லப்பர் பந்து' செப்டம்பர் 20ஆம் திகதி வந்தது; மறுநாள் எங்களுக்கு ஜனாதிபதித் தேர்தல், இரவு ஊரடங்கு. அதனால் அதன் நாயகர்களான கெத்தையும் அன்பையும் சில நாள் பொறுத்துத்தான் பார்க்க முடிந்தது. எங்களுடையது கால்பந்து ஊர் என்று பெருமை பேசுவோமே தவிர, மாலையானால் கடற்கரையில் மென்பந்துக் கிரிக்கெட்டுக்குத்தான் இடம் பிடிக்க முடியாது. மாமனும் மருமகனும் மோதும் கதை என்று எண்ணிப் போனேன். ஒரு மைதானத்துக்குள் யாரை எடுப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில் சாதி எப்படிக் காவல் நிற்கிறது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார்கள். கோபத்தில் டிராக்டரை எடுத்துவந்து ஆடுகளத்தை உழுதுபோடும், கெத்தின் மனைவியாக வரும் ஸ்வாசிகாவுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

இலங்கை இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' பற்றி நம்மவர்கள் அதிகம் பேசவில்லை என்பது எனக்கு மனக்குறை. 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்ற படம். 2024 ஜூனில்தான் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் நடுவே கேரளத் தம்பதியர் இலங்கைக்கு உல்லாசப் பயணம் வருகிறார்கள், இராமாயணச் சுவடுகளைப் பார்க்கிறார்கள். தங்குமிடத்தில் அவர்களுடைய மடிக்கணினிகளும் கைபேசிகளும் திருட்டுப் போகின்றன. கணவன் பொலிஸாரை நெருக்க, அவர்கள் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களைப் பிடித்து வருகிறார்கள். அதன்பின் ஓர் உயிரின் விலை ஒரு மடிக்கணினியை விடக் குறைவாகிப் போகிறது. கோணேசர் மலையில் உள்ள இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்க்க அணி அணியாக வரும் பயணிகளைத் தினமும் காணும் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது கூச்சமாக இருந்தது. மலையில் நின்று படம் எடுக்கிறவர்களுக்குக் கீழே வலை இழுப்பவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த ஆண்டை நாங்கள் மறப்போமா? எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அதே ஊரில் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தோம். கணவனாக வரும் ரொஷான் மேத்யூவை விட, மனைவியாக வரும் தர்ஷனா ராஜேந்திரனின் முகம்தான் நினைவில் நிற்கிறது. கணவன் எப்படிப்பட்டவன் என்று காட்சிக்குக் காட்சி அவர் புரிந்துகொள்வதை அந்த முகத்திலேயே படிக்கலாம்.

இனி 'மெய்யழகன்'. சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி (அரவிந்த் சுவாமி), இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தங்கையின் திருமணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். "அத்தான், அத்தான்" என்று உருகும் ஒருவனின் (கார்த்தி) பெயர் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. உலகத்தார் எல்லோரும் அரவிந்த் சுவாமியின் பக்கம் நின்று அழுதிருப்பார்கள். நாங்கள் கார்த்தியின் பக்கம். 83 கலவரத்துக்குப் பிறகும் 90 போருக்குப் பிறகும் தமிழ்நாட்டுக்கும் கனடாவுக்கும் போனவர்கள் எங்கள் ஊர் நவராத்திரிக் கும்ப விழாவுக்கு வருவார்கள். எந்த வீட்டில் எந்த மாமரம் நின்றது, யார் யாருக்குச் சைக்கிள் பழக்கினார்கள் என்பதெல்லாம் இங்கேயே கிடந்த எங்களுக்கு நினைவிருக்கும். அவர்களோ "தம்பி, நீங்கள் இன்னாருடைய மகன்தானே" என்று பொதுவாகச் சமாளிப்பார்கள். பாவம், அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. வீட்டைக் காலி செய்யும்போது அருள் விட்டுச் சென்ற பழைய சைக்கிள் அவருடைய கணக்கில் எங்குமே இல்லை. அதை எடுத்து ஓட்டிய வீட்டிலோ அதுதான் வரவின் முதல் பதிவு. இதை அறிந்ததும் விடியும் முன்னே சொல்லாமல் எழுந்து ஓடுகிறாரே, பிரேம்குமார் எழுதியதிலேயே நல்ல இடம் அதுதான்.

ஆனால் வெளியாகிச் சில நாட்களுக்குள் பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். படம் நீளமாம். ஈழப்போர் பற்றிக் கார்த்தி பேசும் பகுதியும் வெட்டில் போனது. மூன்று மணி நேரத் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பொறுமை இருக்கிறவர்களுக்கு இரண்டு பேர் இரவு முழுவதும் உட்கார்ந்து கதைப்பதைக் கேட்கப் பொறுமை இல்லையா? அந்தப் பேச்சு சற்றுப் பிரசங்கமாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். கள்ளும் கதையுமாக விடிய விடிய இருப்பவர்கள் பிரசங்கம்தான் செய்வார்கள். எங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு வந்து பாருங்கள்.

'மகாராஜா' எங்கே என்று மருமகன் கேட்டுவிட்டார். சலூன்காரர் ஒருவர் குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று பொலிஸில் நின்று இலட்சக்கணக்கில் இலஞ்சம் தருவதாகச் சொல்கிறார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும், முதல் பாதி முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். நித்திலன் சாமிநாதன் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்காக ஒளித்து வைத்து, உரிய நேரத்தில் எடுத்து வீசியபோது என் கை கைதட்ட மறுத்துவிட்டது. மருமகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. திருப்பம் இல்லாவிட்டால் அது செய்தித்தாள் செய்தி என்கிறார். இருவரும் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம். 'விடுதலை' இரண்டாம் பாகம் இருபதாம் திகதி வந்திருக்கிறது. ஆண்டு முடிவுக் கணக்கை ஒப்படைத்தபின் இருவருமாகப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். டிக்கெட் அவர் செலவு.