ஏழாம் வகுப்புப் பையன்

சித்தப்பா: அனுப்பிவிட்டேன்மா. எம்பீட், மேக்ஸி, பால் ஜார்ஜ், ஒருத்தர் பாக்கியில்லை. இப்போதுதான் மனசு லேசாக இருக்கிறது.

கவிதா: எங்கே அனுப்பினீர்கள்?

சித்தப்பா: கேட்ட டீமுக்கு. நம் டீம் பிலடெல்ஃபியா இனிமேல் தேறாது. மொத்தமாகக் கலைத்துவிட்டு அடியிலிருந்து ரீபில்ட் பண்ண வேண்டியதுதான்.

(செல்போனைத் திருப்பிக் காட்டுகிறார். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர்களை இழுத்து வேறு வேறு டீமில் போட்டுப் பார்க்கும் பக்கம். சம்பளக் கணக்கு ஒத்துவந்தால் ‘சரி’ என்று சொல்லும். டீம் தோற்ற மறுநாள் இதைத் திறக்காத ரசிகரை நான் பார்த்ததில்லை. ‘சரி’ வந்துவிட்டால் அவர்கள் முகத்தில் வரும் மிடுக்கு இருக்கிறதே, கோப்பை ஜெயித்தவனுக்குக்கூட வராது.)

கவிதா: சரி, இத்தனை பேரைக் கொடுத்து யாரை வாங்கினீர்கள்?

சித்தப்பா: ஒரு பையன்.

கவிதா: பேர்?

சித்தப்பா: பேரெல்லாம் இப்போது தெரியாது. ஏழு வருடம் கழித்து வரும் டிராஃப்டில், அதாவது டீம்கள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் சுற்று உரிமை. அதற்கு மேல் தள்ளி வாங்க விதியில் இடமில்லை.

கவிதா: டிராஃப்டுக்கு வர 19 வயது ஆகவேண்டும். அப்படியானால் அந்தப் பையனுக்கு இப்போது 12. ஏழாம் வகுப்பு.

சித்தப்பா: பையனாகப் பார்க்கக் கூடாதும்மா. சொத்தாகப் பார்க்க வேண்டும்.

கவிதா: சொத்து இந்நேரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா: கிண்டல் பண்ணாதே. 2018 முதல் 2024 வரை ஏழு வருடம் விடாமல் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்குப் போனோம். ஒரு தடவையாவது இரண்டாம் சுற்றைத் தாண்டினோமா? கடைசியாகத் தாண்டியது 2001இல், ஐவர்சன் காலத்தில். அப்புறம் 2024-25இல் பிளேஆஃபும் போச்சு. 82 ஆட்டத்தில் 24 வெற்றி. இன்னும் என்ன பொறுமை?

கவிதா: 2019 தோல்விகூட டீமின் குற்றமா? ஏழு ஆட்டத் தொடரில் ஏழாவது ஆட்டம், 90-90, கடைசி நொடி. டொராண்டோவின் கவாய் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தின்மேல் நாலு தடவை குதித்துவிட்டு உள்ளே போனது. நாலாவது குதியில் வெளிப்பக்கம் சரிந்திருந்தால் கூடுதல் நேரம். அதில் ஜெயித்திருந்தால் இதே ஆட்களை நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பீர்கள்.

சித்தப்பா: 2021? அட்லாண்டாவோடு ஏழாவது ஆட்டத்தில் நம் பென் சிம்மன்ஸ் வளையத்துக்கு அடியில் நின்றுகொண்டு, பந்தைப் போடாமல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டாரே?

கவிதா: அந்த சிம்மன்ஸ் எப்படி வந்தார்?

சித்தப்பா: டிராஃப்டில்.

கவிதா: எந்த டிராஃப்டில்?

சித்தப்பா: ...2016.

கவிதா: அதாவது போன ரீபில்டில். நிர்வாகி சாம் ஹின்கி 2013இல் வந்து எல்லோரையும் கலைத்தார். 19 வெற்றி, 18 வெற்றி, 10 வெற்றி. மூன்று சீசனில் 199 தோல்வி. அதற்குக் கூலியாக வந்த முதல் தேர்வுதான், வளையத்துக்கு அடியில் நின்று யோசித்தது.

சித்தப்பா: எம்பீடும் அப்படித்தான் வந்தார், 2014இல்.

கவிதா: அவரைத்தான் காலையில் அனுப்பிவிட்டீர்களே.

சித்தப்பா: முறை தப்பில்லைம்மா. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோளாறு.

கவிதா: ஆமாம், 2017இல் மேலும் விலை கொடுத்து முதலிடம் வாங்கி ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் மூன்றாவதாக பாஸ்டன் எடுத்தது டேட்டமை. 2018, 2020, 2023, மூன்று தடவை நம்மை வீட்டுக்கு அனுப்பியது அவர் டீம்தான். 2023இல் ஏழாவது ஆட்டத்தில் தனியாளாக 51 புள்ளி.

சித்தப்பா: இந்தத் தடவை சரியாகத் தேர்ந்தெடுப்போம்.

கவிதா: ஏழாம் வகுப்பிலா?

சித்தப்பா: அது தொலைதூரத் திட்டம். பக்கத்துத் திட்டம் வேறு. அடுத்த சீசனில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டால் முதல் தேர்வு நமக்குத்தானே?

கவிதா: யார் சொன்னது?

சித்தப்பா: கடைசி இடம், முதல் தேர்வு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கவிதா: அது லாட்டரி, சித்தப்பா. 2019இல் மாற்றிய விதிப்படி கடைசி மூன்று டீமுக்கும் முதல் தேர்வு கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான். டெட்ராய்ட் 2023, 2024 இரண்டு வருடமும் கடைசி இடம். அதிலும் இரண்டாவது வருடம் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றார்கள். கிடைத்தது எத்தனையாவது தேர்வு தெரியுமா?

சித்தப்பா: முதலாவது.

கவிதா: ஐந்தாவது.

சித்தப்பா: இரண்டாவது வருடம்?

கவிதா: அதுவும் ஐந்தாவது. 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸ் முதலிடத்தை அள்ளிக்கொண்டு போனது.

சித்தப்பா: (சற்று நேரம் செல்போனைப் பார்த்துவிட்டு) அப்படியானால் ஒக்லஹோமா? டீமைக் கலைத்தார்கள். 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 152-79, 73 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கினார்கள். என்பிஏ வரலாற்றிலேயே அப்படி ஒரு உதை இல்லை. 2025இல் கோப்பை! இதற்கு என்ன சொல்கிறாய்?

கவிதா: நல்ல கேள்வி. அந்தக் கோப்பையில் பெரிய பங்கு யாருக்கு?

சித்தப்பா: ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர்.

கவிதா: அவர் தோற்றுத் தோற்றுக் கிடைத்தவர் இல்லை. 2019இல் ஒரு நட்சத்திர வீரரை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து வாங்கியவர். கூடவே ஐந்து முதல் சுற்று உரிமை. அந்த டீமின் இன்னொரு தூண் ஜேலன் வில்லியம்ஸும் அதில் ஒன்றில்தான் வந்தார். மூன்றாவது ஆள் ஹோம்கிரன் வேண்டுமானால் தோற்றதற்குக் கிடைத்தவர், ஒப்புக்கொள்கிறேன். கொடுத்த நட்சத்திரம் யார்?

சித்தப்பா: விடும்மா.

கவிதா: யார்?

சித்தப்பா: பால் ஜார்ஜ்.

கவிதா: 2024இல் அவரை நாலு வருடத்துக்கு 212 மில்லியன் டாலர் கொடுத்து, 34 வயதில் எடுத்தது?

சித்தப்பா: அதுதான் காலையில் அனுப்பிவிட்டேனே!

கவிதா: அந்த வயதுக்கும் அந்தச் சம்பளத்துக்கும் பதிலாக ஏழாம் வகுப்புகூடத் தர மாட்டார்கள். பாலர் பள்ளி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சித்தப்பா: நீ என்னதான் சொல்கிறாய்? தோற்றுக்கொண்டே இருக்கட்டும் என்கிறாயா?

கவிதா: சிகாகோ 1988, 89, 90 மூன்று வருடமும் டெட்ராய்டிடம்தான் தோற்றது. அன்றைக்கு நிர்வாகம் உங்கள் கையில் இருந்திருந்தால், ஜோர்டானை ஒரு ஏழாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்திருப்பீர்கள். 1991இல் அதே டெட்ராய்டை 4-0.

சித்தப்பா: ஜோர்டான் கதை வேறு.

கவிதா: சரி, டொராண்டோ. மூன்று வருடம் கிளீவ்லாந்திடம் அடி. பயிற்சியாளரை மாற்றினார்கள், டெரோசனைக் கொடுத்து கவாயை வாங்கினார்கள். இன்னொரு முக்கிய வீரர் லௌரி இருந்த இடத்திலேயே இருந்தார். 2019இல் கோப்பை. எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று பார்ப்பது கஷ்டம், எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவது சுலபம். நிர்வாகத்துக்கும் அதுதான் வசதி. ரீபில்ட் என்று சொல்லிவிட்டால் மூன்று வருடத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தேசிய ஒளிபரப்புப் பணம் ஜெயித்தாலும் தோற்றாலும் 30 டீமுக்கும் சமமாகத்தான் வருகிறது. பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவன் பதினோராம் நாளும் வேலை இருக்குமா என்று உயிரைக் கொடுத்து ஓடுகிறான். அவனைப் போய் தோற்பதற்கென்று வைத்திருக்கிறோம் என்றால் எப்படி?

(சித்தப்பா பதில் சொல்லவில்லை. ‘பத்து நாள் ஒப்பந்தம்’ என்பதை அவர் இழுத்துப் போடும் பக்கத்தில் யாரும் காட்டுவதில்லை.)

சித்தப்பா: உண்மையான ரசிகன் கஷ்ட காலத்தையும் தாங்குவான்மா. பத்து வெற்றியானாலும் கூட நிற்பான்.

கவிதா: அந்தப் பத்து வெற்றி சீசன், 2015-16. எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள்?

சித்தப்பா: அந்த வருடம்... அந்த வருடம் கொஞ்சம் வேலை.

கவிதா: வீட்டில் ஒரு மஞ்சள் நீல ஜெர்சி கிடந்ததே, 30 போட்டது?

சித்தப்பா: கோல்டன் ஸ்டேட் 73 வெற்றி எடுத்த வருடம்மா அது! யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

கவிதா: சரி. இப்போது மறுபடியும் கலைக்கிறோம், மூன்று வருடம் தோற்கிறோம். அந்த மூன்று வருடம் என்ன செய்வதாக உத்தேசம்?

சித்தப்பா: (குரலைத் தாழ்த்தி) ஒக்லஹோமா ஜெர்சி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உனக்கும் சேர்த்து வாங்கட்டுமா?