எங்கள் வைத்தியசாலைக்கு நாங்களும் புள்ளி போட வேண்டும்

ஊர் மண்டபத்தில் மக்களும் சுகாதார ஊழியர்களும் ஒன்றாக அமர்ந்து, தங்கள் பகுதியின் சுகாதார சேவைக்குப் புள்ளி போட வேண்டும். அந்தப் புள்ளிகளைச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் அதே இடத்தில் கூடி மறுபடியும் போட வேண்டும். இதைக் கொஞ்சக் காலமாகவே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். "ஆளும் இல்லை, மருந்தும் இல்லை, இதற்குள் புள்ளி வேறா?" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆளும் மருந்தும் இல்லாதபடியால்தான் கேட்கிறேன்.

2024 ஜூலையில் யாழ். மாவட்டத்தின் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை முன்பாகத் திரண்ட மக்களை நினைத்துப் பாருங்கள். வைத்தியர் ஒருவர் அந்த வைத்தியசாலையின் குறைகளைப் பற்றி முகநூல் நேரலையில் பேசினார், அது அமைந்திருக்கும் தென்மராட்சிப் பகுதியே வீதிக்கு வந்தது. அவர் சொன்னவற்றில் எது சரி, எது பிழை என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அவ்வளவு கோபம் ஒரு நாளில் முளைக்காது என்பதுதான் எனக்குப் பட்டது. எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே அடக்கி வைத்திருந்தது அது. சொல்வதற்கு ஒழுங்கான ஓர் இடம் இல்லாததால் கைத்தொலைபேசித் திரையில் வெடித்தது. வெடித்த பிறகு ஊர் வாயில் அகப்பட்டவை மனிதர்களின் பெயர்கள்தான். எந்தச் சேவையில் எந்தக் குறை, அதைத் தீர்க்க வேண்டியவர் யார், எந்த மாதத்துக்குள் என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின.

யாரிடம் போய்க் கேட்பது என்பதிலேயே எங்களுக்குக் குழப்பம். யாழ். போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் மாகாணத்தின் கீழ் இருக்கின்றன. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் போயின, தேர்தல் வரவில்லை. எங்கள் வாக்கைக் கேட்டு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவர் இல்லாமலேயே இத்தனை காலமும் ஓடியிருக்கிறது. இதை நாங்கள் பழகிக்கொண்டோம் என்பதுதான் எனக்கு ஆகப் பெரிய கவலை.

தகவல் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஊர் மருத்துவிச்சியான குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய் எழுதுகிறார். கர்ப்பிணிகள் எத்தனை பேர், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் எத்தனை, தடுப்பூசி தவறியவர்கள் யார் என்று மாதாமாதம் கணக்குக் கொடுக்கிறார். அது சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது, பிராந்தியப் பணிப்பாளருக்குப் போகிறது, கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் போகிறது. எங்களைப் பற்றிய கணக்கு எல்லாப் படியும் ஏறிப் போகிறது. எங்கள் ஊருக்கு மட்டும் அது திரும்பி வருவதில்லை. நான் ஒரு பிரதேச வைத்தியசாலையின் நோயாளர் நலன்புரிச் சங்கத்தில் இருக்கிறேன். அங்கேகூட எங்கள் பகுதியின் நிலையை அடுத்த பகுதியோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தாளை இதுவரை யாரும் எங்கள் முன் வைத்ததில்லை.

நான் சொல்லும் இந்த முறைக்கு மக்கள் புள்ளி அட்டை என்று பெயர். இது ஒன்றும் புதுச் சரக்கல்ல. 2002இல் ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் கெயார் (CARE) என்ற தொண்டு நிறுவனம் கிராமிய சுகாதார சேவைக்காக இதை உருவாக்கியது. எதை அளப்பது என்று மக்களே முதலில் தீர்மானிப்பார்கள். பெண்கள், ஆண்கள், இளைஞர்கள் என்று தனித்தனிக் குழுவாக இருந்து புள்ளி போடுவார்கள். மறுபுறம் வைத்தியர், தாதியர், களப்பணியாளர்கள் தங்கள் சேவைக்குத் தாங்களே புள்ளி போடுவார்கள். பிறகு இரு தரப்பும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசி, யார் எதை எப்போது செய்வது என்று எழுதிக்கொள்வார்கள். அந்த எழுத்து வரைக்கும் போகாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கூட்டம்.

இது வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு உகண்டாவில் நடந்ததைச் சொல்கிறேன். 50 கிராமிய சுகாதார நிலையங்களை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் மக்களுக்குத் தங்கள் நிலையத்தின் தரவுகளைக் கொடுத்து, ஊழியர்களோடு உட்கார வைத்தார்கள். ஒரு வருடத்தில் அந்த இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு மற்ற இடங்களைவிட மூன்றிலொரு பங்கு குறைவாக இருந்தது. 2009இல் வெளியான ஆய்வு இது. அதே ஆய்வாளர்கள் பிறகு வேறு சில ஊர்களில் தரவுகளைக் கொடுக்காமல் கூட்டத்தை மட்டும் நடத்திப் பார்த்தார்கள். அங்கே பலன் கிடைக்கவில்லை. பின்னர் வேறொரு குழு அந்த நாட்டிலேயே இதைப் பெரிய அளவில் செய்தபோது சிகிச்சையின் தரம் சிறிது கூடியது, இறப்பு குறையவில்லை. ஆகவே இதை மந்திரம் என்று நான் விற்க வரவில்லை. கணக்கு கையில் இல்லாமல் கூடிப் பேசினால் ஒன்றும் நகராது என்பதைத்தான் அந்த இரண்டாவது முயற்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாததல்ல.

எங்களுக்கு எதை அளக்க வேண்டும்? 2024 நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சல் பரவி இளம் உயிர்கள் போயின. முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள், பின்பு அது, எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. வயலில் இறங்குபவர்களுக்கு முற்காப்பாகக் கொடுக்க டொக்சிசைக்கிளின் மாத்திரை இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அதை வழங்குகின்றன. விதைப்புக்கு முன்பே அது எங்கள் ஊர்க் கமக்காரர் கைக்கு வந்ததா, எத்தனை பேருக்கு வந்தது, வந்தவர்கள் குடித்தார்களா? இந்த மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் புள்ளி போடலாம். யாழ். மாவட்டத்தில் 435 பிரிவுகள் இருக்கின்றன. எந்தப் பிரிவு பின்தங்கி நிற்கிறது என்று மழைக்கு முன்பே தெரிந்துவிடும்.

நெடுந்தீவின் அட்டை வேறாக இருக்கும். அங்கே இரவில் ஒரு தாய்க்கு வலி எடுத்தால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல் கடக்க வேண்டும். படகு ஆயத்தமாக இருந்ததா, எவ்வளவு நேரம் எடுத்தது என்பதுதான் அவர்களின் முதல் வரி. கொழும்பில் அச்சடித்து வரும் படிவத்தில் அந்த வரிக்கு இடம் இருக்காது.

கூட்டம் என்றவுடன் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் எந்தச் சனசமூக நிலையத்துக்குள் யார் தயக்கமின்றி வந்து அமர்வார்கள், யார் வாசலோடு நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதி இன்னும் கதிரைகளைப் பங்கிடுகிறது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் இருந்து "சேவை திருப்தி" என்று எழுதிவிட்டுப் போனால் அந்த அட்டை பொய். வரிசையில் மரியாதையில்லாமல் விரட்டப்பட்ட கூலித் தொழிலாளிப் பெண்ணின் புள்ளிதான் எனக்கு முக்கியம். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைக்கக்கூடாது. அவளுடைய குடியேற்றத்துக்கே போய், பெண்கள் மட்டும் இருக்கும்போது, பெயர் எழுதாமல் கேட்க வேண்டும்.

ஊழியர்கள் பயப்படுகிறார்கள் என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்த குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் தன் பிரிவோடு வெற்றிடமாகக் கிடக்கும் பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். பிந்தி வந்தால் ஏச்சு முழுவதும் அவருக்குத்தான். புள்ளி அட்டையில் அந்த வெற்றிடம் தனி வரியாக, நிரப்ப வேண்டியவரின் பதவிப் பெயரோடு எழுதப்படும். அப்போது ஊர் அவர் பக்கத்தில் நிற்கும். இதை அவரிடம் சொன்னபோது, கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார்.

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்கித் தரும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். திறப்புவிழாப் படத்தோடு நிறுத்தாதீர்கள். அது இயங்குகிறதா, இயக்க ஆள் இருக்கிறாரா என்று ஒரு வருடம் கழித்தும் கேளுங்கள். அந்தக் கேள்வியும் அட்டையில் வரட்டும்.

2025 மே மாதம் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் தங்கள் வட்டாரத்தில் இதை இப்போதே தொடங்கலாம். அதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. பணிமனை தரவு தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்து 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவித்தாக வேண்டும். எங்கள் பகுதிக்கான விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். கர்ப்பிணிகள் கிளினிக், வெற்றிடங்கள், எலிக்காய்ச்சல் மாத்திரை, கிணற்று நீர்ப் பரிசோதனை ஆகிய நான்கையும் அதில் கேட்டிருக்கிறேன். தங்கள் ஊருக்கும் அனுப்ப விரும்புபவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள், பிரதி தருகிறேன்.